டிஎன்-சீக்கா, தனித்தனி நீக்கமா, கிரிஸ்பர்-ஐயா? பாக்டீரியா மரபணுவின் வேலையைத் தேடுகிறவர்களுக்கு

முனைவர் பட்டத்தில் சேர்ந்து ஆறேழு மாதம் ஆனவர்களிடமிருந்து வரும் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். போன மாதம் வந்ததும் அப்படித்தான். ஒரு மாணவியிடம் நோயாளியிடமிருந்து எடுத்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா இருக்கிறது. பித்த உப்பை அது அநாயாசமாகத் தாங்குகிறது. எந்த மரபணுக்களால் என்று தெரியவில்லை. 'எல்லா மரபணுவையும் ஒரே வீச்சில் தேடிப் பார்க்கணும். டிஎன்-சீக் செய்யட்டுமா, கிரிஸ்பர் செய்யட்டுமா?' வழிகாட்டி ஒன்றைச் சொல்லியிருக்கிறார், பக்கத்து ஆய்வகத்தில் வேறொன்று நடக்கிறது, சீக்வென்சிங் கம்பெனிக்காரர் மூன்றாவதற்கு விலைப்பட்டியலே அனுப்பிவிட்டார்.

எல்லா வழிக்கும் அடிப்படை ஒன்றுதான்: மரபணுவைக் கெடுத்துவிட்டோ அடக்கிவிட்டோ, அது இல்லாமல் பாக்டீரியா என்ன பாடு படுகிறது என்று பார்ப்பது. டிஎன்-சீக் தாவும் டிஎன்ஏவைச் செருகிக் கெடுக்கும், தனித்தனி நீக்கம் மரபணுவையே எடுத்துவிடும், கிரிஸ்பர்-ஐ அழிக்காமல் அடக்கும். எப்படிக் கெடுக்கிறோம், மரபணு கெட்டுப்போன செல்களை, அதாவது மியூட்டன்ட்களை, ஒரே குடுவையில் கலந்து வளர்க்கிறோமா தனித்தனிக் குழியில் வளர்க்கிறோமா என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. கருவிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் முன் உங்கள் பாக்டீரியாவையும் உங்கள் சோதனையையும் ஐந்து கேள்விகளில் உரசிப் பார்த்துவிடுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

## முதலில் உரைகல்

டிஎன்ஏ உள்ளே போகுமா? மற்ற எதையும்விட இதுதான் முக்கியம். ஒரு லட்சம் மியூட்டன்ட் வேண்டுமென்றால் ஒரு லட்சம் தனித்தனி செல்களுக்குள் டிஎன்ஏ நுழைந்தாக வேண்டும். தடித்த உறையும் அந்நிய டிஎன்ஏவை வெட்டிப்போடும் நொதிகளும் உள்ள மருத்துவமனை வகைகளில் இது சாதாரண விஷயமில்லை.

எந்த ஆன்டிபயாட்டிக்கால் தேர்ந்தெடுப்பீர்கள்? உள்ளே போகும் டிஎன்ஏவில் (டிஎன்-சீக்கில் அது டிரான்ஸ்போசான் என்ற தாவும் துண்டு) ஒரு எதிர்ப்பு மரபணு இருக்கும்; அதை வாங்கிக்கொண்ட செல் மட்டும் மருந்துத் தட்டில் வளரும். கனாமைசின் எதிர்ப்புள்ள டிரான்ஸ்போசானை வாங்கி வைத்துவிட்டு, தன் பாக்டீரியாவே கனாமைசினில் ஜம்மென்று வளர்வதை அப்புறம் கண்டுபிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனை வகை என்றால் அப்ராமைசின், ஹைக்ரோமைசின், சியோசின் என்று தேடிப் போக வேண்டியிருக்கும்.

நீங்கள் தேடும் மரபணு இல்லாமல் செல் உயிரோடு இருக்குமா? இருக்காது என்றால், மரபணுவை அழிக்கும் எந்த வழியும் உங்களுக்கு அரைகுறை விடைதான் தரும்.

சோதனையில் எத்தனை செல் பிழைக்கும்? ஒரு லட்சம் மியூட்டன்ட் கலந்த குடுவையிலிருந்து எலிக்குள் செலுத்துகிறீர்கள். அங்கே ஆயிரம் செல்தான் நிலைகொள்கிறது என்றால், மீதி 99 சதவீதம் தொலைந்தது குலுக்கல் சீட்டில்தான்; மரபணுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைக் குறுகல் என்போம்.

பக்கத்து செல் காப்பாற்றுமா? ஆம்பிசிலினை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியை இழந்த ஒரு செல், அதைச் சுரக்கும் ஆயிரம் அண்டை செல்களுக்கு நடுவில் ஆம்பிசிலினைச் சமாளித்துவிடும். இரும்பைப் பிடித்துத் தரும் சிடெரோஃபோரும் அப்படியே. வெளியே சுரந்து எல்லோருக்கும் பொதுவாகும் பொருளைத் தேடுகிறவர் எல்லாவற்றையும் ஒரே குடுவையில் கலந்தால், தேடியது கண்ணில் படாமலே போகும்.

## டிஎன்-சீக்: இறைத்துவிட்டு எண்ணுவது

2009-ல் ஒரே வருடத்தில் நான்கு குழுக்கள் இதைத் தனித்தனியாக வெளியிட்டன. நிமோகாக்கஸில் டிஎன்-சீக், டைபாய்டு சால்மோனெல்லாவில் டிராடிஸ், குடல்வாசியான பாக்டீராய்ட்ஸில் இன்-சீக், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸாவில் ஹிட்ஸ். பெயர் நான்கு, கருத்து ஒன்று. தாவும் டிஎன்ஏத் துண்டு, அதாவது டிரான்ஸ்போசான், செல்லுக்கு ஒன்றாக மரபணுத்தொகுதியில் எங்காவது போய்ச் செருகிக்கொள்ளும். செருகிய இடத்தில் மரபணு கெடும். எல்லா மியூட்டன்டையும் கலந்து வளர்த்து, செருகல் நடந்த விளிம்புகளை மட்டும் சீக்வென்ஸ் செய்து (டிஎன்ஏவின் எழுத்துகளைப் படித்து), எந்த இடத்துச் செருகல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுகிறோம். பித்த உப்பு போட்ட குடுவையில் குறைந்துபோன செருகல் எந்த மரபணுவிலோ, அது பித்த உப்பைத் தாங்கத் தேவையானது.

எண்ணிக்கை என்பதால் சின்ன வித்தியாசமும் தெரியும். இயல்பான செல் 20 தடவை பிரியும் நேரத்தில் ஒரு மியூட்டன்ட் 18 தடவைதான் பிரிகிறது என்றால், தட்டில் இரண்டு காலனியையும் பக்கத்தில் வைத்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. குடுவையிலோ அதன் பங்கு நான்கில் ஒன்றாகிவிடும்.

டிரான்ஸ்போசானிலும் தேர்வு உண்டு. டிஎன்5 கிட்டத்தட்ட எங்கும் செருகும். ஹிமார்1 'டி-ஏ' என்ற இரண்டெழுத்து வரும் இடத்தில் மட்டுமே செருகும். (மாடுகளை மொய்க்கும் ஒரு ரத்தம் குடிக்கும் ஈயின் மரபணுத்தொகுதியில் செத்துக் கிடந்த பிரதிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது ஹிமார்1. செல்லின் உதவியே வேண்டாமல் தாவும் என்பதால் காசநோய்க் கிருமிவரை எல்லா இடத்திலும் ஓடுகிறது.) டி-ஏ மட்டும்தான் என்பது குறை போலத் தெரிந்தாலும் கணக்குக்கு அது வசதி. காசநோய்க் கிருமியின் 44 லட்சம் எழுத்தில் டி-ஏ இடங்கள் சுமார் 74,600. மொத்த இடம் தெரிவதால், காலியாக இருப்பது எத்தனை என்பதும் தெரியும்.

ஆனால் காலி இடம் எல்லாம் இன்றியமையாத மரபணு ஆகிவிடாது. உங்கள் லைப்ரரியில், அதாவது மியூட்டன்ட்களின் தொகுப்பில், பாதி டி-ஏ இடங்களில் செருகல் இருக்கிறது என்று வையுங்கள். ஐந்தே டி-ஏ உள்ள குட்டி மரபணு, வெறும் தற்செயலில் முழுக்கக் காலியாக இருக்க வாய்ப்பு அரையின் ஐந்தாம் அடுக்கு, அதாவது 3 சதவீதம். அப்படிப்பட்ட மரபணு 200 இருந்தால் ஆறு பொய்யாக 'இன்றியமையாதது' பட்டியலில் ஏறும். போதாக்குறைக்கு, ஹிமார்1 சில எழுத்து வரிசைகளுக்கு நடுவிலுள்ள டி-ஏவைத் தொடவே மாட்டேன் என்கிறது. காசநோய்க் கிருமியில் 14 லைப்ரரிகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில் இது தெளிவானது. குட்டி மரபணுக்களைப் பற்றி யாராவது அடித்துச் சொன்னால், லைப்ரரி எவ்வளவு அடர்த்தி என்று கேளுங்கள்.

அடர்த்தி கூடினால் கிடைப்பது தனி சுகம். ஈ. கோலை கே-12-ல் 2018-ல் செய்த டிராடிஸ் லைப்ரரியில் 9 லட்சத்துக்கு மேல் செருகல் இடங்கள். சராசரியாக ஐந்து எழுத்துக்கு ஒன்று. அந்த அடர்த்தியில் எஃப்டிஎஸ்கே மரபணுவைத் திரையில் பார்த்தால் முன்பகுதி வெள்ளையாக வெறிச்சோடிக் கிடக்கும், பின்பகுதியில் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும். செல் பிரிய முன்பகுதி கட்டாயம், பின்பகுதி இல்லாமலும் உயிர் வாழலாம் என்பது அந்தப் படத்திலேயே இருக்கிறது. மரபணுவை முழுசாக நீக்கிப் பார்த்தவருக்கு 'முடியவில்லை' என்ற ஒற்றை விடைதான் கிடைத்திருக்கும்.

### விலைப்பட்டியலில் வராத செலவு

லைப்ரரி செய்யும் நாளைச் சொல்கிறேன். டயாமினோபைமெலிக் அமிலம் கொடுக்காவிட்டால் செத்துப்போகும் ஈ. கோலையைத் தானியாக (டிரான்ஸ்போசானைக் கொடுக்கும் செல்லாக) வைத்து, உங்கள் பாக்டீரியாவோடு சேர்த்துவிடும் கலப்பு நடக்கும். மறுநாள் அந்த அமிலம் இல்லாத தட்டில் பரப்பினால் தானி ஒழிந்து உங்கள் பாக்டீரியா மட்டும் நிற்கும். அகலத் தட்டு ஒன்றுக்கு 2,000 காலனி என்று வைத்தால் ஒரு லட்சத்துக்கு 50 தட்டு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊடகம் ஊற்றி, கண்ணாடிக் கோலால் வழித்து, குழகுழவென்று வருவதைக் கிளிசரால் குழாயில் சேர்க்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தாலும் ஒரு மதியம் முழுக்கப் போகும். ஒரே தட்டில் காலனிகளை நெருக்கிவிட்டு எண்ணாமல் 'ஒரு லட்சம் இருக்கும்' என்று எழுதியவரின் லைப்ரரியில், சீக்வென்ஸ் வந்தபோது எட்டாயிரம்தான் இருந்தது.

அடுத்தது சீக்வென்சிங். எல்லா வாசிப்பும் (கருவி படிக்கும் ஒவ்வொரு டிஎன்ஏத் துண்டும் ஒரு வாசிப்பு, திரையில் ஒரு புள்ளி) டிரான்ஸ்போசானின் ஒரே விளிம்பில் தொடங்குவதால் முதல் சுற்றுகளில் எல்லாப் புள்ளியும் ஒரே எழுத்து; சீக்வென்ஸ் செய்யும் இலுமினா கருவி புள்ளிகளைப் பிரித்தறியத் தடுமாறும். அதற்காக ஃபைஎக்ஸ் என்ற வைரஸின் டிஎன்ஏவைக் கணிசமாகக் கலக்கச் சொல்வார்கள். கலந்த அளவு வாசிப்பு உங்களுக்குப் போயிற்று. டிரான்ஸ்போசானைச் சுமந்து வந்த தானி பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) முழுசாக ஒழியாமல் இருந்தால் இன்னொரு பங்கை அது விழுங்கும். செருகலுக்குச் சராசரி 50 வாசிப்பு வேண்டுமென்றால், ஒரு லட்சம் செருகலுக்கு மாதிரி ஒன்றுக்கு 50 லட்சம். இரண்டு நிலை, மும்மூன்று பிரதி, ஒரு தொடக்கக் குடுவை என்றால் மூன்றரைக் கோடி. இழப்புகளை இதன் மேல் போட்டுக் கணக்கிட்ட பிறகு கம்பெனிக்காரரிடம் பேசுங்கள்.

மூன்றாவது செலவுதான் பெரியது, அதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. சோதனை முடிந்ததும் கையில் இருப்பது பட்டியல்; மியூட்டன்ட் அல்ல. பட்டியலில் மேலே உள்ள பத்து மரபணுவையாவது ஒவ்வொன்றாக நீக்கி, திரும்பப் பொருத்தி, விளைவு மீள்கிறதா என்று காட்ட வேண்டும். அதுவும் செருகல் ஓபரானில் (ஒன்றாகப் படியெடுக்கப்படும் மரபணு வரிசையில்) பின்னால் வரும் மரபணுக்களையும் சேர்த்து அணைத்துவிடும் என்பதால், முதல் சந்தேகம் எப்போதும் 'இது இந்த மரபணுவா, அதன் பின்னால் நிற்பதா?' என்பதுதான். எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு டிஎன்-சீக் எட்டு மாதம், சரிபார்ப்பு இரண்டு வருடம்.

### பார்கோடு போட்ட வகை

பலமுறை, பல நிலைகளில் சோதிப்பீர்கள் என்றால் 2015-ல் வந்த இந்த வகையைத் தாண்டி எதையும் யோசிக்காதீர்கள். ஒவ்வொரு டிரான்ஸ்போசானுக்குள்ளும் 20 எழுத்துள்ள தனி அடையாளம் இருக்கும். எந்த அடையாளம் எந்த இடத்தில் என்று ஒரே ஒருமுறை கஷ்டப்பட்டு வரைபடம் போட்டுவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் டிஎன்ஏவின் ஒரு துண்டை மட்டும் பெருக்கும் சாதாரண பி.சி.ஆர். வைத்து அடையாளங்களை எண்ணினால் போதும். 2018-ல் 32 வகை பாக்டீரியாக்களில் டஜன் கணக்கான சூழல்களை ஒரே குழுவால் பார்க்க முடிந்தது இதனால்தான். முதல் சோதனைக்குச் செலவு கூடுதல். ஐந்தாவது சோதனையில் அது திரும்பிவிடும்.

## தனித்தனி நீக்க லைப்ரரி: குழிக்கு ஒரு மியூட்டன்ட்

இதன் அடையாளச் சின்னம் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-ல் வெளியான தொகுப்பு. ஈ. கோலை கே-12-ல் 4,288 மரபணுவைக் குறிவைத்து 3,985-ஐ நீக்கினார்கள். நீக்க முடியாமல் நின்ற 303 இன்றியமையாதவையாக இருக்கலாம் என்றார்கள். மரபணுவுக்கு இரண்டு பிரைமர் (அதன் இரு ஓரங்களுக்கும் செய்து வாங்கும் குட்டி டிஎன்ஏ) என்றாலே 8,576 பிரைமர். சரிபார்க்க வேண்டியவை வேறு. நீங்கள் தனியாக உட்கார்ந்து புதிய பாக்டீரியாவில் இதைச் செய்யப்போவதில்லை. ஆகவே கேள்வி 'கட்டுவதா' என்பதல்ல, 'ஏற்கெனவே இருக்கிறதா' என்பதுதான். ஈ. கோலை கே-12, பேசில்லஸ் சப்டிலிஸ், அசினிடோபாக்டர் பேலி ஆகியவற்றுக்கு நீக்கத் தொகுப்பும், சூடோமோனாஸ் பிஏ14-க்கு இடம் தெரிந்த டிரான்ஸ்போசான் தொகுப்பும் இருக்கின்றன.

இருந்தால் வசதிக்குக் குறைவில்லை. ஒவ்வொரு மியூட்டன்டும் தனி வீட்டில் வாழ்வதால் அண்டை செல் காப்பாற்றும் சிக்கல் இல்லை. நச்சுச் சுரப்பு, நிறமி, ஒளிர்வு, உயிர்ப்படலம், செல்லின் வடிவம் என்று வளர்ச்சியோடு சம்பந்தமில்லாத எதையும் அளக்கலாம். டிஎன்-சீக்கில் பிழைத்ததா இல்லையா என்பதைத் தவிர வேறொன்றையும் நேராகக் கேட்க முடியாது. முக்கியமாக, விடை வந்த மறுநிமிடம் அந்த மியூட்டன்ட் உங்கள் ஃபிரீசரில் இருக்கும்.

இதன் மறைமுகச் செலவு இடமும் மின்சாரமும்தான். 96 குழித் தட்டில் 3,985-க்கு 42 தட்டு, பிரதி எடுத்தால் இரட்டிப்பு, எல்லாம் மைனஸ் 80 டிகிரியில். ஒவ்வொரு முறை ஊசிப் பலகையால் பிரதி எடுக்கும்போதும் பக்கத்துக் குழி தெறிக்கும்; நாலைந்து தலைமுறைப் பிரதிக்குப் பிறகு சி4 குழியில் சி5 வளர்வது சகஜம். மூலத் தொகுப்பிலேயே சில மியூட்டன்ட்களில் நீக்கிய மரபணுவின் இன்னொரு பிரதி ஒளிந்திருந்ததை 2009-ல் அந்தக் குழுவே திருத்தி அறிவித்தது. எந்தத் தொகுப்பிலிருந்து எடுத்தாலும், கட்டுரையில் எழுதும் முன் அந்த ஒரு மியூட்டன்டைப் பி.சி.ஆர். செய்து பார்த்துவிடுங்கள்.

ஒரு நடுவழியும் உண்டு. டிரான்ஸ்போசான் காலனிகளைக் குழிகளில் எடுத்துவைத்து, வரிசை, நெடுவரிசை, தட்டு என்று பல விதமாகக் கலந்து சீக்வென்ஸ் செய்து, எந்தக் குழியில் எந்த மியூட்டன்ட் என்று சுடோக்கு போலக் கழித்துக் கண்டுபிடிப்பது. 2016-ல் ஷெவனெல்லாவில் செய்து காட்டினார்கள். காலனி எடுக்கும் ரோபோ இருந்தால் பாருங்கள். பல்குச்சியால் இருபதாயிரம் காலனி குத்த நான் யாரையும் உட்கார வைக்க மாட்டேன்.

## கிரிஸ்பர்-ஐ: அழிக்காமல் அடக்குவது

வெட்டும் இரண்டு முனைகளும் மழுங்கடிக்கப்பட்ட காஸ்9 என்ற டிஎன்ஏ வெட்டும் புரதம், 20 எழுத்து வழிகாட்டி ஆர்என்ஏ சொல்லும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மரபணுவைப் படியெடுக்கும் நொதி அதில் முட்டி நிற்கும். 2013-ல் வந்தது. மரபணு அப்படியே இருக்கிறது, சத்தம் மட்டும் குறைகிறது. எவ்வளவு குறைய வேண்டும், எப்போது குறைய வேண்டும் என்பதும் உங்கள் கையில்.

இன்றியமையாத மரபணுக்களைப் படிக்க இதைவிட நல்ல வழி இல்லை. டிஎன்-சீக்கில் வெள்ளைப் பட்டையாகத் தெரியும் மரபணுவை இங்கே பாதி அடக்கி, எந்த மருந்துக்கு அந்தச் செல் கூடுதலாகத் துவள்கிறது என்று பார்க்கலாம். பேசில்லஸ் சப்டிலிஸில் 2016-ல் இன்றியமையாதவை அத்தனைக்கும் இப்படி லைப்ரரி செய்தார்கள்.

இன்னொரு பலனைப் பலர் கவனிப்பதில்லை. லைப்ரரி சின்னது. நிமோகாக்கஸில் 2021-ல் 1,499 வழிகாட்டிகளை வைத்தே மரபணுத்தொகுதி முழுவதையும் மூடி, எலிகளில் சோதித்தார்கள். ஒரு லட்சம் செருகலைத் தாங்காத குறுகல் 1,500-ஐத் தாங்கக்கூடும். விலங்குச் சோதனைதான் உங்கள் உயிர்நாடி என்றால் இதைக் கணக்கில் எடுங்கள்.

மறைமுகச் செலவுக்கும் குறைவில்லை. ஓபரானின் முதல் மரபணுவை அடக்கினால் பின்னால் உள்ள எல்லாம் அடங்கும். இங்கே அது விதிவிலக்கல்ல, விதி. மழுங்கிய காஸ்9 அளவு மீறினால் அதுவே செல்லுக்கு நஞ்சு. ஈ. கோலையில் வழிகாட்டியின் கடைசி ஐந்து எழுத்து சில குறிப்பிட்ட வரிசைகளாக இருந்தாலே செல் வாடுகிறது என்று 2018-ல் தெரியவந்தது. அது தெரியாமல் செய்தவர்கள் அந்த வாட்டத்தை மரபணுவின் தலையில் கட்டியிருப்பார்கள். ரொம்ப நேரம் வளர்த்தால் காஸ்9-ஐக் கெடுத்துக்கொண்டு தப்பித்த செல்கள் குடுவையைப் பிடித்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் பாக்டீரியாவில் அந்த அமைப்பு ஓடவே வேண்டும். புதிய இனத்தில் அதை ஓடவைக்க ஒரு வருடம் எழுதிவைப்பது நியாயம்.

## ஒரே பார்வையில்

| | டிஎன்-சீக் | தனித்தனி நீக்கம் | கிரிஸ்பர்-ஐ |
|---|---|---|---|
| தொடங்கத் தேவை | ஏராளமான செல்களில் டிஎன்ஏ நுழைய வேண்டும் | தொகுப்பு ஏற்கெனவே இருக்க வேண்டும் | மரபணு வரிசை, ஓடும் காஸ்9 அமைப்பு |
| இன்றியமையாத மரபணு | அடையாளம் காட்டும், ஆராய விடாது | தொகுப்பில் இருக்காது | நன்றாக ஆராயலாம் |
| கடும் குறுகல் | மோசம் | ஒவ்வொன்றாகச் செய்தால் பிரச்சினையில்லை, எலிச் செலவு தாங்காது | பரவாயில்லை |
| சுரந்து பொதுவாகும் பொருள் | தவறவிடும் | பிடிக்கும் | தவறவிடும் |
| ஓபரான் குழப்பம் | அடிக்கடி | குறைவு | எப்போதும் |
| முடிவில் கையில் | பட்டியல் | மியூட்டன்ட் | பட்டியல். ஒவ்வொரு வழிகாட்டியையும் எளிதில் திரும்பச் செய்யலாம் |
| பெரிய மறைமுகச் செலவு | சரிபார்ப்பு வருடங்கள் | ஃபிரீசர், கலப்படம் | அமைப்பை ஓடவைக்கும் காலம் |

## யாருக்கு எது

ஈ. கோலை கே-12-ல் வேலை செய்கிறவர் எதையும் கட்ட வேண்டாம். கெய்யோ மியூட்டன்ட்களை ஜப்பானின் தேசிய மரபியல் நிறுவனம் வழியாக ஒவ்வொன்றாகக்கூட வாங்கலாம். பத்துப் பதினைந்து சந்தேக மரபணுக்கள் மட்டும் இருப்பவருக்கும் லைப்ரரியே வேண்டாம். நேராக அவற்றை நீக்கிப் பாருங்கள். மருந்து இலக்கு தேடுகிறவருக்கு கிரிஸ்பர்-ஐ. யாரும் அதிகம் தொடாத பாக்டீரியா, வரிசை தெரியும், மரபணுக்களில் பாதிக்குப் பெயரே இல்லை என்றால் பார்கோடு போட்ட டிரான்ஸ்போசான். இங்கே எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

அந்தக் கிளெப்சியெல்லா மாணவிக்கும் பார்கோடு வகையைத்தான் சொன்னேன். பித்த உப்பைத் தாங்குவது பெரும்பாலும் சவ்வும் வெளியேற்றும் பம்புகளும் பார்க்கிற வேலை, அண்டை செல் பெரிதாகக் காப்பாற்றாது. குடுவைச் சோதனை என்பதால் குறுகலும் இல்லை. ஆனால் எதையும் ஆர்டர் செய்யும் முன் ஒரே ஒரு கலப்பு செய்து, அப்ராமைசின் தட்டில் எத்தனை காலனி வருகிறது என்று எண்ணிவிட்டு வரச் சொன்னேன். வந்தது 41. ஒரு லட்சத்துக்கு இது எந்த மூலைக்கு? இப்போது உறையில்லாத மியூட்டன்ட் ஒன்றைப் பெறுநராக வைத்து, கலப்பு நேரத்தையும் தானி–பெறுநர் விகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சீக்வென்சிங் விலைப்பட்டியல் மேசை இழுப்பறையில் இருக்கிறது.